பவளத் தொட்டி சூடாகிறதா? சில்லருக்கு முன் ஒரு சின்ன ஃபேன்

கோடையில் பவளத் தொட்டியில் (பவள உயிர்களை வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி) தண்ணீர் 29, 30 டிகிரி செல்சியஸைத் தொட்டால், உடனே சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) விலை விசாரிக்க வேண்டாம். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன ஃபேன் ஒன்றை நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகக் காற்று வீசும்படி மாட்டுங்கள். பெரும்பாலும் 2, 3 டிகிரி இறங்கிவிடும். மீன் துள்ளி வெளியே விழாமல் இருக்க மூடிக்குப் பதில் வலை போடுங்கள்.

ஃபேன் காற்று பட்டால் நீர் வேகமாக ஆவியாகும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த வெப்பத்தில் பெரும்பகுதி தொட்டியிலிருந்துதான் போகும். ஆனால் உப்பு ஆவியாகாது, தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் ஆவியாகிக் குறைந்துபோன அளவுக்கு, உப்பு நீக்கிய ஆர்ஓ நீரை மட்டும் தினமும் ஊற்றுங்கள். உப்புநீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போய், சூட்டுக்குத் தப்பிய பவளம் உப்பில் மாட்டிக்கொள்ளும். ஃபேனை வெப்பநிலைக் கன்ட்ரோலரோடு இணைத்துவிட்டால் இரவில் அளவுக்கு மீறிக் குளிராது.

காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் இந்த வழி அவ்வளவாக உதவாது. சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் புழுக்கமான நாட்களில் ஒரு டிகிரி இறங்கினாலே பெரிது. ஜன்னல் மூடிய அறையிலும் அப்படித்தான், ஆவி அங்கேயே சுற்றும். அப்போது ஏசியோ சில்லரோதான் வழி. ஐஸ் பாட்டிலை மிதக்கவிடுவது அவசரத்துக்குச் சரி, தினசரி வேண்டாம்; வெப்பநிலை ஏறி இறங்குவதும் பவளத்துக்கு ஆகாது.