கால் நம்பரை வைத்துப் புத்தகத்தைத் தேடி எடுப்பது எப்படி?

நூலகக் கணினியில் புத்தகம் 'இருக்கிறது' என்று காட்டும், ரேக்கில் போய்ப் பார்த்தால் கிடைக்காது. புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் பலர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். பல நேரம் அந்தப் புத்தகம் இரண்டடி தள்ளித்தான் இருக்கும். புத்தகம் எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்லும் எண்தான் கால் நம்பர் (call number). அந்த எண்ணைப் படிக்கும் விதம் பிடிபட்டுவிட்டால் எந்தப் பெரிய நூலகத்திலும் தைரியமாக நுழையலாம்.

1. எண்ணை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். தலைப்பையோ ஆசிரியர் பெயரையோ கொடுத்துத் தேடினால் கால் நம்பர் வரும். மேல் வரியை மட்டும் குறித்துக்கொண்டு ஓடாதீர்கள், கீழே உள்ள எழுத்துகளும் வேண்டும். எந்தத் தளம், இரவல் போயிருக்கிறதா, ரெஃபரன்ஸ் பிரிவா என்பதையும் அங்கேயே பாருங்கள். ரெஃபரன்ஸ் நூலைப் பெரும்பாலும் வீட்டுக்குத் தரமாட்டார்கள்.

2. ரேக்கைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு ரேக்கின் பக்கவாட்டிலும் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று ஒட்டியிருப்பார்கள்.

3. புள்ளிக்குப் பின் நிதானம். தடுமாற்றமெல்லாம் இங்கேதான். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும், 1876-இல் வெளிவந்த டூயி தசம முறையில் 595.7 என்றால் பூச்சிகள். 595.789 வண்ணத்துப்பூச்சி, 595.79 எறும்பு, குளவி, தேனீ அடங்கிய வரிசை, 595.799 தேனீ. இவற்றில் முதலில் வருவது எது? 79 சின்னது, 789 பெரியது என்று நினைத்தால் தவறு. புள்ளிக்குப் பின் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும். முதல் இலக்கம் இரண்டிலும் 7. அடுத்தது ஒன்றில் 8, மற்றதில் 9. ஆகவே 595.789 முன்னால், 595.79 அதற்குப் பின்னால், கடைசியில் 595.799.

சில பல்கலைக்கழகங்களில் எண் ஆங்கில எழுத்தில் தொடங்கும். அது அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறை. அதில் எழுத்தை அடுத்து வரும் எண்ணை முழு எண்ணாகவே படிக்கலாம், 82-க்குப் பிறகுதான் 568. அதன்பின் புள்ளியோடு வரும் எழுத்து-எண்ணைத் தசமமாகப் படியுங்கள். ஏ45 முன்னால், ஏ6 பின்னால்.

4. எழுத்துகளைப் பாருங்கள். ஒரே எண்ணில் இருபது புத்தகம் இருக்கலாம். அவற்றைப் பிரிப்பது அடுத்த வரி, பெரும்பாலும் ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகள். அதை அகர வரிசையில் தேடுங்கள்.

5. கிடைக்கவில்லையா? மேல்தட்டு, கீழ்த்தட்டு, புத்தகங்களுக்குப் பின்னால் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வந்த நூல்கள் நிற்கும் தள்ளுவண்டியையும் பாருங்கள். பிறகு எண்ணை எழுதிய சீட்டோடு நூலகரிடம் கேளுங்கள். தயங்கவே வேண்டாம், அவர்கள் நாள்தோறும் செய்கிற வேலை அது.

எடுத்துப் பார்த்த புத்தகத்தை நீங்களே செருகாமல் மேசையில் வையுங்கள். இடம் மாறிய புத்தகம் அடுத்தவருக்குத் தொலைந்த புத்தகம்தான்.

கைக்கு வந்ததும் இரு பக்கமும் உள்ள நூல்களையும் புரட்டுங்கள், அதே பொருளில்தான் இருக்கும். ஆனால் தேனீ வளர்ப்பு நூல் வேண்டுமென்றால் 595.799 உள்ள ரேக்கில் இருக்காது. அது வேளாண்மைப் பக்கம், 638.1-இல் இருக்கிறது.