சீட்டின் நிறமாற்றமும் பார்வைக் கோணமும்

கறுப்புச் சீட்டைக் கண்முன்னே சிவப்பாக்கும் வித்தைக்கான முறையைத் தெரிவு செய்யுமுன், பார்வையாளர் எங்கே அமர்வர் என்பதைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தில் 304 என்னும் சீட்டாட்டம் ஆடுவோர் வட்டமாக அமர்வதால், உள்ளங்கையில் சீட்டை மறைக்கும் முறை அங்கே பொருந்தாது.

அம்முறையில், கட்டின் முகப்பு பார்வையாளரை நோக்கியிருக்க, அதை இடக்கையில் நிமிர்த்திப் பிடித்து, வலக்கை முகப்பை மூடும் கணத்தில் இடக்கை விரல்களால் கடைசிச் சீட்டை வலது உள்ளங்கைக்குள் தள்ள வேண்டும். வலக்கை விலகி, சீட்டு மாறவில்லை என்று காட்டி, மீண்டும் கடக்கையில் மறைத்த சீட்டை முகப்பில் விட்டுச் செல்லும். பின்னால் நிற்பவருக்கு அனைத்தும் தெரிந்துவிடும். ஆகவே விறாந்தைச் சுவரை முதுகுப்புறம் வைத்து, எல்லோரையும் எதிரே அமர்த்துங்கள். மறைத்த சீட்டின் ஓரம் எந்தக் கோணத்தில் வெளிப்படுகிறது என்பதைக் கண்ணாடியின் முன் சிறிது சிறிதாகத் திரும்பிப் பார்த்து, அந்த எல்லையை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். இந்தப் பயிற்சியை எவரும் தவிர்க்கக் கூடாது.

சூழ்ந்திருப்போருக்கு, இரு சீட்டுகளை ஒன்றுபோலப் புரட்டிக் காட்டி, மீண்டும் கவிழ்த்து, மேற்சீட்டை மட்டும் ஒருவரின் கையில் வைக்கும் முறையே சிறந்தது என்பேன். சோளகம் வீசும் முற்றத்தில் அவ்விரண்டும் பிரிந்துவிடக்கூடுமாதலால், வீட்டினுள்ளேயே செய்யுங்கள்.