கப்பல் குப்பை தனித்தனியாக இறங்க நான் செய்தது

மும்பை செம்பூரில் இருந்து துறைமுகத்துக்குப் போய்வருகிறேன்; வரும் கப்பல்களுக்குக் கரையில் வேண்டியதைக் கவனிக்கும் கப்பல் ஏஜென்ட் வேலை எனக்கு. குப்பை இறக்கும் நாளெல்லாம் ஒரே தகராறுதான்: எண்ணெய்த் துணி, மிச்சச் சோறு, பிளாஸ்டிக் எல்லாம் ஒரே மூட்டையில் வரும், லாரிக்காரர் ஏற்ற மாட்டேன் என்பார், கப்பலோ கிளம்பும் அவசரத்தில் நிற்கும்.

கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்புப்படி பிளாஸ்டிக்கைக் கடலில் எங்கேயும் போடக்கூடாது. 2013 முதல் மற்ற குப்பைக்கும் பெரும்பாலும் தடைதான். கரையிலும் வாங்க ஆளில்லை என்றால் கப்பல்காரர்கள் அதை எங்கே கொண்டுபோவார்கள்?

அதனால் கப்பல் வருவதற்கு 24 மணி நேரம் முன்பே கழிவு முன்னறிவிப்புப் படிவத்தைக் கப்பலில் கேப்டனுக்கு அடுத்தவரான சீஃப் ஆபீஸரிடம் கேட்டு வாங்க ஆரம்பித்தேன். எந்த வகையில் எத்தனை கனமீட்டர் என்று அதிலேயே இருக்கும், அதைப் பார்த்து எண்ணெய்த் துணிக்கு மூடி போட்ட டிரம், சமையல் எண்ணெய்க்குக் கேன், பிளாஸ்டிக்குக்குத் தனிப் பை என்று லாரியோடு அனுப்பிவிடுகிறேன். தகராறு அநேகமாக நின்றுவிட்டது.

அப்புறம், குப்பையை வாங்கிக்கொண்டதற்குக் கப்பலுக்குக் கொடுக்கும் ரசீது. அதில் எழுதும் அளவும் கப்பலின் குப்பைப் பதிவேட்டில் உள்ள அளவும் ஒன்றா என்று கப்பல் ஏணியடியிலேயே பாருங்கள், அடுத்த துறைமுகத்தில் ஆய்வாளர் முதலில் கேட்பது அதைத்தான். உணவுக் கழிவைக் கடைசியாக இறக்கச் சொல்லுங்கள், மும்பை வெயிலில் நாற்றம் தாங்காது.