கொப்பியும் கணவாய் ஓடும்: மட்டக்களப்பில் டோக்கன் சேர்க்கவும் பதக்கம் வார்க்கவும் விரும்புவோருக்கு

அரசு வெளியிட்ட நாணயங்களைச் சேர்ப்பவருக்கு அட்டவணைப் புத்தகங்கள் துணை நிற்கின்றன. நம் பகுதியில் டோக்கன் சேர்ப்பவருக்கு அந்தத் துணை அரிது. நெல் ஆலையில் மூட்டைக்கு அடையாளமாகக் கொடுத்த பித்தளை வில்லை, வங்கியில் காசோலையை வாங்கிக்கொண்டு எழுதுவினைஞர் நீட்டிய இலக்க வில்லை, சைக்கிள் தரிப்பிடத்தில் கைபிடியில் மாட்டிய தகரத் துண்டு, பாடசாலை விளையாட்டுப் போட்டியில் கிடைத்த பதக்கம் ஆகியவை எங்கே, எதற்காகப் பயன்பட்டன என்பது பெரும்பாலும் அவற்றைக் கையில் வைத்திருந்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் இறங்குபவர் உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்குவதற்கு முன் ஒரு கொப்பி வாங்க வேண்டும் என்பேன்.

கடைத்தெருவுக்குப் போகாமல் வீட்டு அலுமாரியிலிருந்து தொடங்குங்கள். 1978 நவம்பரில் வீசிய சூறாவளியும் 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலையும் இந்தக் கரையோரக் குடும்பங்கள் பலவற்றின் படங்களையும் சான்றிதழ்களையும் பதக்கங்களையும் கொண்டுபோய்விட்டன. எஞ்சியிருப்பது ஒரு நூலில் கோத்த இரண்டு வில்லைகளே ஆனாலும் அவற்றைப் பற்றிக் கேட்டு எழுதிவைப்பது அவசரமான வேலை. ஒவ்வொரு பொருளுக்கும் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி, யாரிடமிருந்து எந்தத் திகதியில் கிடைத்தது, அது எந்த இடத்தில் என்ன வேலைக்குப் பயன்பட்டது, அதை வைத்திருந்தவர் அதைப் பற்றிச் சொன்ன சொற்கள் எவை என்பவற்றை எழுதுங்கள். அந்தச் சொற்களை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். நாம் திருத்தி எழுதினால் ஆலைக்காரர் வழங்கிய தொழிற்சொல் ஒன்று அங்கேயே தொலைந்துவிடும். பதக்கத்தில் ஒருவரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தால், அதைப் பிறருக்குக் காட்டுவதற்கு முன் அந்தக் குடும்பத்தின் சம்மதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்து அளவுகள். வேணியர் இடுக்கிமானியால் விட்டத்தையும் தடிப்பையும் மில்லிமீற்றரில் எடுங்கள். திணிவை நகைக்கடைத் தராசில் பார்க்கலாம். உலோகம் எது என்பதில் ஐயம் இருந்தால், நீர் நிரம்பிய சிறு கோப்பைக்குள் வில்லையை நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெளியேறும் நீரின் கனவளவை அளந்து அடர்த்தியைக் கணிக்கலாம். அலுமினியம் கனசென்ரிமீற்றருக்கு 2.7 கிராம், வெள்ளீயம் 7.3, பித்தளை ஏறக்குறைய 8.5, செம்பு 8.9, வெள்ளி 10.5, ஈயம் 11.3 என்ற அளவுகளைக் கொப்பி அட்டையின் உட்பக்கத்தில் குறித்துவைத்தால் அடிக்கடி உதவும். காந்தம் ஒட்டினால் பெரும்பாலும் உள்ளே இரும்பு இருக்கிறது; வெளியே எத்தனை பொன்னிறமாக மின்னினாலும் அது முலாமே.

விலைக்கு வாங்கும் நிலைக்கு வருபவர்கள் கோப்பி டோக்கன்களைக் கட்டாயம் எதிர்கொள்வார்கள். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சில்லறைக் காசுக்குத் தட்டுப்பாடு நிலவியபோது, கொழும்பில் கோப்பியைத் துப்புரவாக்கி ஏற்றுமதி செய்த கம்பனிகள் தம் பெயர் பொறித்த செம்பு, பித்தளை டோக்கன்களை வேலையாட்களுக்குக் கொடுத்தன. ரூபாயும் சதமும் கொண்ட தசம முறை இலங்கையில் 1872 இல் நடைமுறைக்கு வந்தது. எனவே ஆண்டு பொறிக்கப்படாத ஒரு டோக்கனில் பெறுமதி இருந்தால், அது பென்ஸ் கணக்கில் உள்ளதா சதக் கணக்கில் உள்ளதா என்று பார்ப்பதே வயதை ஊகிப்பதற்கான முதற் படி. கோப்பி மலைநாட்டுப் பயிர் என்பதால், மட்டக்களப்புச் சந்தையில் 'இங்கேயே கிண்டி எடுத்தது' என்று கூறி ஒருவர் அத்தகைய டோக்கனை நீட்டினால் கொஞ்சம் நின்று கேளுங்கள்.

நம் மண்ணில் உண்மையாகவே வெளிப்படக்கூடியவை ஒல்லாந்தர் காலச் செப்புக் காசுகள். போர்த்துக்கேயர் 1628 இல் கட்டிய மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் 1638 இல் கைப்பற்றினர். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனியின் வீ, ஓ, சீ எழுத்துகள் பின்னிய முத்திரை அக்காசுகளில் இருக்கும். ஆனால் இவை பொழுதுபோக்கின் எல்லைக்கு வெளியே போகின்றன. 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவை 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தொல்பொருட்களாகக் கருதப்படுகின்றன. அனுமதியின்றி அவற்றைத் தேடி அகழ்வதும் நாட்டுக்கு வெளியே அனுப்புவதும் குற்றம். கிணறு வெட்டும்போது ஒன்று கிடைத்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்துவிடுங்கள்.

துலக்குவது பற்றி ஒரே ஒரு விதிதான் உண்டு: துலக்காதீர்கள். என் பெத்தப்பா விட்டுச்சென்ற ஆலை வில்லையில் 47 என்ற இலக்கம் ஆழமாக அடிக்கப்பட்டிருந்தது. அதன் பின்புறத்தில் ஆணியால் கீறியது போன்ற இரண்டு எழுத்துகளும் இருந்தன. பன்னிரண்டு வயதில் அதைக் குத்துவிளக்கைப் போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். இலக்கம் பளபளத்தது, எழுத்துகள் போய்விட்டன. அவை யாருடைய பெயரின் முதலெழுத்துகள் என்று கேட்க இன்று எவரும் இல்லை. அழுக்கு ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, மென்மையான துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் நன்றாக உலரவிடுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். வாவிக்கும் கடலுக்கும் இடையில் வாழும் நமக்கு உப்புக் காற்றும் மாரிகால ஈரமும் பெரும் பகை. கடையில் மலிவாகக் கிடைக்கும் பீவீசீ உறைகள் நாளடைவில் பச்சை நிறப் பசையைக் கக்கிச் செம்பை அரிக்கும். பொலியெஸ்டர் சாளரம் வைத்த அட்டை உறைகளைப் பயன்படுத்தி, சிலிக்கா ஜெல் பொதி ஒன்றுடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். சொந்தமாகப் பதக்கம் செய்யப் பல வழிகள் உள்ளன. நமக்குக் கடல் இலவசமாகத் தரும் வழி, கணவாயின் உடலுக்குள் இருக்கும் வெண்ணிற ஓட்டில் வார்ப்பது. நகைத் தொழிலாளர்கள் பல நாடுகளில் நெடுங்காலமாகக் கையாண்ட முறை இது. ஓட்டின் முதுகுப்பக்கம் கடினமானது. உட்பக்கமோ நகம் பட்டாலே பள்ளம் விழும் அளவுக்கு மென்மையானது, அதேவேளை உருகிய உலோகத்தின் வெப்பத்தையும் தாங்கக்கூடியது. கல்லடியிலோ திருக்கோவிலிலோ பொத்துவிலிலோ கரையொதுங்கும் ஓடுகளில் உடையாத, ஒரு சாணுக்குக் குறையாத இரண்டைத் தேர்ந்து, நன்னீரில் உப்புப் போகக் கழுவி, ஒரு வாரமாவது வெயிலில் காயவிடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் அது நீராவியாகி உலோகத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும். கச்சான் காற்று வீசும் மாதங்களே இதற்கு உகந்தவை. மாரியில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

மாதிரி வட்டைப் பாலை போன்ற வைர மரத்தில் 30 மில்லிமீற்றர் விட்டத்திலும் 3 மில்லிமீற்றர் தடிப்பிலும் கடைந்துகொள்ளுங்கள். விளிம்பு சற்றுச் சாய்வாக இருந்தால்தான் ஓட்டிலிருந்து சேதமின்றி வெளியே வரும். மாதிரியை அழுத்தி அச்செடுப்பதால் அதில் எழுத்துகள் நேராகவே இருக்க வேண்டும். ஓட்டிலேயே நேரடியாகச் செதுக்குபவர் மட்டும் எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். தமிழ் எழுத்தில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ண, ழ, றை போன்றவற்றின் சுழிகள் சிறிதாக இருந்தால் உலோகம் நிரம்பி அடைபட்டுவிடும். புள்ளி மிகச் சிறிதாக இருந்தால் வார்ப்பில் பதியாமலே போகும். 'மட்டக்களப்பு' என்ற சொல்லில் மட்டும் மூன்று புள்ளிகள் உள்ளன. அவற்றில் ஒன்று விடுபட்டாலும் சொல் பிழையாகிவிடும். எனவே புள்ளியை ஒரு மில்லிமீற்றருக்குக் குறையாத மேடாக அமையுங்கள். உருவத்துக்கு மீனையோ நெற்கதிரையோ தெரிவுசெய்யலாம். அரச இலச்சினை, 'ரூபாய்', 'சதம்' என்ற சொற்கள், மத்திய வங்கியின் பெயர் ஆகிய எதுவும் இருக்கக் கூடாது. புழக்கத்திலுள்ள நாணயத்தின் தோற்றமோ அளவோ வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறரை ஏமாற்றக்கூடிய வகையில் நாணயத்தைப் போலச் செய்வது தண்டனைச் சட்டக்கோவையின்படி பாரிய குற்றம்.

இரண்டு ஓடுகளின் மென்மையான பக்கங்களையும் அரத்தாளில் தேய்த்து, ஒன்றோடொன்று ஒளி புகாமல் பொருந்தும்வரை தட்டையாக்குங்கள். அந்தத் தூளைச் சுவாசிக்காதிருக்க முகக்கவசம் அணிய வேண்டும். மாதிரி வட்டை ஓர் ஓட்டின் தடித்த பகுதியில் வைத்து, இரு கட்டைவிரல்களாலும் சமமாக அழுத்தி, முழுத் தடிப்பும் உள்ளே இறங்கச் செய்யுங்கள். முதல் முயற்சியில் பின்புறம் வெறுமையாக இருப்பதே நல்லது. மூன்று தீக்குச்சித் துண்டுகளை மூலைகளில் ஊன்றி மற்ற ஓட்டை அதன்மேல் அழுத்தினால், பிரித்த பின்னும் இரண்டும் அதே இடத்தில் வந்து சேரும். மாதிரியை எடுத்துவிட்டு, அச்சின் உச்சியிலிருந்து ஓட்டின் மேல் விளிம்புவரை புனல் வடிவில் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள்; பக்கங்களிலிருந்து மேல்நோக்கி நான்கைந்து மெல்லிய கீறல்கள் இட்டால் காற்று வெளியேறும். பிறகு இரண்டையும் இரும்புக் கம்பியால் கட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய பேணியில் நிமிர்த்தி வையுங்கள்.

உலோகத்துக்கு ஈயம் கலவாத வெள்ளீயப் பற்றாசுக் கட்டி போதும். வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகுவதால் சாதாரணக் காஸ் அடுப்பே அதற்குப் போதுமானது. பழைய மோட்டார் வாகன மின்கலத்து ஈயம் மலிவாகக் கிடைக்கிறதென்று அதை எடுக்காதீர்கள். அதன் தூசும் புகையும் வீட்டிலுள்ள குழந்தைகளைப் பாதிக்கும். மேற்சொன்ன அளவுள்ள பதக்கத்துக்கு ஏறக்குறைய 15 கிராம் தேவை. வாய்க்காலையும் சேர்த்து 40 கிராம் உருக்குங்கள். வேலையை முற்றத்தில், சப்பாத்தும் பருத்தி உடையும் கண்ணாடியும் அணிந்து செய்ய வேண்டும். தண்ணீர் வாளி அருகில் இருக்கக் கூடாது. தனியாக வைத்துக்கொண்ட உருக்குக் கரண்டியில் உலோகம் உருகியதும், அதில் ஒரு கடதாசித் துண்டைத் தொட்டுப் பாருங்கள்: பழுப்பானால் வார்க்கலாம், கருகினால் சற்று ஆறவிட வேண்டும். மேலே படர்ந்த ஆடையை ஒதுக்கிவிட்டு, நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். ஓடு தீயும் வாடை வரும், அது இயல்பானது.

பத்து நிமிடம் கழித்துப் பிரித்தால், ஓட்டின் அடுக்குகள் விட்ட மெல்லிய அலைவரிகள் பதக்கத்தின் மேல் படர்ந்திருப்பதைக் காண்பீர்கள். வாவியில் காற்றோடும் போது எழும் வரிகளைப் போன்ற அவற்றைத் தேய்த்து அழிக்காமல் விட்டுவிடுங்கள். வாய்க்காலை வாளால் அறுத்து, விளிம்பை அரத்தால் சீவி, கறுப்பு வர்ணத்தைப் பூசி உடனே துணியால் துடைத்தால், பள்ளங்களில் மட்டும் நிறம் தங்கி எழுத்துகள் தெளிவாகத் தெரியும். எழுத்து அரைகுறையாக வந்திருந்தால் உலோகம் ஆறியிருந்தது அல்லது காற்றுக்கு வழி போதவில்லை. மேற்பரப்பில் குழிகள் இருந்தால் ஓட்டில் ஈரம் இருந்தது. ஓர் ஓடு இரண்டு மூன்று வார்ப்புகளுக்குத் தாங்கும். ஒவ்வொரு முறையும் நுணுக்கம் சற்று மங்கும். சரியாக வந்த ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஆண்டையும் உங்கள் பெயரின் முதலெழுத்தையும் இலக்கமும் எழுத்தும் பொறிக்கும் அச்சுளிகளால் அடித்து, எந்தக் கரையில் எடுத்த ஓடு, எத்தனையாவது வார்ப்பு என்பதை அதே கொப்பியில் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள்.