கடலோர ஊரில் எஸ்பிரெசோ இயந்திரம்: உப்புப் படிவை நீக்குவதும் வராமல் காப்பதும்

புதுச்சேரியில் வீட்டுக்கு, வெந்நீரை அழுத்தத்தில் செலுத்திக் காப்பி வடிக்கும் எஸ்பிரெசோ இயந்திரம் வாங்குவோர் பெரும்பாலும் எந்தக் காப்பிக் கொட்டை நல்லது, எவ்வளவு நைசாக அரைப்பது என்றுதான் விசாரிக்கிறார்கள். அதற்கும் முன்னால் விசாரிக்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. இந்நகரின் குடிநீர் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்தே எடுக்கப்படுகிறது. கடலை ஒட்டிய பகுதிகளில் அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீரும் உள்ளே கலந்திருக்கிறது. ஆகவே ஒரு தெருவில் நல்ல தண்ணீராகவும் அடுத்த தெருவில் உப்புத் தண்ணீராகவும் வருவது நமக்குப் பழகிய செய்தி.

அந்தத் தண்ணீர் இயந்திரத்துக்குள் இரண்டு விதமான கேட்டைச் செய்கிறது. முதலாவது சுண்ணாம்புப் படிவு. நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது கார்பன் டை ஆக்சைடை இழந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிக் கொதிகலனின் சுவரிலும் மெல்லிய குழாய்களிலும் ஒட்டிக்கொள்கிறது; வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பூத்திருப்பதும் கீசர் கம்பியில் தோல் போலப் படிவதும் இதுவேதான். இரண்டாவது குளோரைடு அரிப்பு. உவர்நீரிலுள்ள குளோரைடு, துருப்பிடிக்காத எஃகைக்கூட ஊசி முனையளவு துளைகளாக அரித்துவிடும். படிவை அமிலத்தால் கரைத்து வெளியேற்றலாம். அரிப்பு விழுந்தால் உறுப்பை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

எனவே முதல் வேலை சோதனை. பலரிடம் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது. ஆனால் அது கரைந்த உப்புகள் அனைத்தையும் சேர்த்துத்தான் காட்டும், சுண்ணாம்பு எவ்வளவு, கடலுப்பு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது. வண்ண மீன் விற்கும் கடைகளில் நீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் அளக்கும் சொட்டு மருந்துகள் கிடைக்கின்றன. அவை இவ்வேலைக்குப் போதும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாதபோது 600 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. அது குடிப்பவரின் உடம்புக்கான கணக்கு. இயந்திரம் அதைத் தாங்காது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் செலவாகும் வீட்டில் 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீரை ஊற்றினால், மூன்று மாதத்தில் ஏறத்தாழ 27 கிராம் சுண்ணாம்பு அதன் வழியே கடந்து செல்கிறது. அதில் ஒரு பகுதி தங்கினாலும், நூல் போன்ற குழாயை அடைக்க அது போதும். கடினத்தன்மை 50 ஆக இருந்தால் அதே கணக்கு நாலரை கிராமில் நின்றுவிடும்.

நாவில் கரிக்கும் தண்ணீரை எக்காரணம் கொண்டும் இயந்திரத்தில் ஊற்றக் கூடாது. கடினத்தன்மையைக் குறைக்கும் ரெசின் வடிகட்டி சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். குளோரைடை அப்படியே விட்டுவிடும். அதற்கு ஆர்.ஓ. நீர்தான் தீர்வு. ஆனால் உப்பே இல்லாத ஆர்.ஓ. நீரில் காப்பி சப்பென்று இருக்கும். நீர்மட்டத்தை மின்கடத்தலால் அறியும் சில இயந்திரங்கள் தொட்டியில் நீர் இல்லை என்று எண்ணி நின்றுவிடுவதும் உண்டு. நான் செய்வது இதுதான்: ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீரில் 10 கிராம் சமையல் சோடாவைக் கரைத்துப் புட்டியில் வைத்துக்கொண்டு, தொட்டியில் ஊற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அதிலிருந்து 10 மில்லி சேர்க்கிறேன். லிட்டருக்கு 100 மில்லிகிராம் சோடா சேரும். கால்சியம் இல்லாததால் படிவு வராது, காரத்தன்மை இருப்பதால் உலோகமும் காக்கப்படும்.

இவ்வளவு செய்யாமல் ஏற்கெனவே படிவு வந்துவிட்டதென்றால் அதற்கு அடையாளங்கள் உண்டு. சூடேற வழக்கத்தைவிட நேரமாகும், காப்பித்தூள் இல்லாமல் ஓடவிட்டாலும் நீர் மெலிந்து வரும், பம்பின் ஒலி கனத்துவிடும், நீராவி தளரும். அப்போதும் கையேட்டை முதலில் பார்க்க வேண்டும். கொதிகலன் அலுமினியமாக இருந்தால் அமிலம் அதையும் தின்னும். ஆகவே நிறுவனம் பரிந்துரைக்கும் கரைசலையே பயன்படுத்துங்கள். இரண்டு கொதிகலன்கள் உள்ள பெரிய இயந்திரங்களை வீட்டில் வைத்துப் படிவு நீக்கவே வேண்டாம். தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பது நல்லது.

மற்றவற்றுக்கு, எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடைகளில் விற்கும் சிட்ரிக் அமிலம் போதும். வினிகரின் நாற்றம் குழாயை விட்டு எளிதில் போகாது, ரப்பர் வளையங்களுக்கும் அது நல்லதன்று. ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராம் அமிலத்தைத் தனிப் பாத்திரத்தில் ஒரு துகள்கூட மிஞ்சாமல் கரைத்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும். கூடுதலாகப் போட்டால் விரைவில் முடியும் என்று நினைக்கக் கூடாது. முதல் முறை நான் அப்படித்தான் இரு மடங்கு போட்டேன். பெரிய செதில்களாகப் பெயர்ந்த படிவு வால்வில் சிக்கி, இயந்திரத்தைப் பிரித்துச் சுத்தம் செய்ய நேர்ந்தது. மேலும், அடர்த்தியான கரைசலைக் கொதிக்க வைத்தால் எளிதில் கரையாத கால்சியம் சிட்ரேட் உண்டாகிப் புதிய படிவாக அமர்ந்துவிடும்.

தொட்டியில் வடிகட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள். இயந்திரத்துக்குக் கீழே ஒரு தட்டை வைப்பதும் அவசியம். நம் அடுக்களை மேடைகளில் பதித்துள்ள கடப்பைக் கல்லும் சுண்ணாம்புக் கல்தான், ஒரு சொட்டு அமிலம் விழுந்தாலும் மெருகு போய்த் தழும்பாகிவிடும். காப்பித்தூள் இட்டு மாட்டும் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, கரைசலில் 150 மில்லியை வெந்நீர் வரும் தலை வழியாகவும் 100 மில்லியை நீராவிக் குழாய் வழியாகவும் விட்டு, மின்சாரத்தை நிறுத்தி, 15 நிமிடம் ஊறவிடுங்கள். கரைசல் ஏறத்தாழத் தீரும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். தொட்டி முழுவதும் காலியாகி வெப்பக் கம்பி வெறுமனே காயக் கூடாது. பிறகு குறைந்தது இரண்டு தொட்டி நல்ல நீரை இரு வழியாகவும் ஓடவிட்டு, வெளிவரும் நீரை லிட்மஸ் தாளில் சோதித்து, நீலத்தாள் சிவக்காததை உறுதி செய்த பின்னரே காப்பி போடலாம்.

அமிலம் காப்பி எண்ணெயை நீக்காது என்பதையும் சொல்ல வேண்டும். தலையிலும் காப்பித்தூள் இடும் வடிதட்டிலும் படியும் அந்த எண்ணெய் கசந்து போய்ச் சுவையைக் கெடுப்பதால், சோடியம் பெர்கார்பனேட் கலந்த காப்பி இயந்திரத் தூளை வெந்நீரில் கரைத்து வடிதட்டுகளை வாரம் ஒருமுறை ஊறவைத்துக் கழுவுகிறேன். துளையில்லாத தட்டைப் போட்டு நீரைத் தலைக்குள்ளேயே திருப்பிக் கழுவும் முறை, அழுத்தத்தை வெளியேற்றும் மூவழி வால்வு உள்ள இயந்திரங்களுக்கு மட்டுமே உரியது. பால் நுரைத்தவுடன் நீராவிக் குழாயை ஈரத் துணியால் துடைத்து ஒரு கணம் நீராவியை வெளியே விட வேண்டும். காய்ந்த பால் கெட்டியாகிவிட்டால் அதை எடுப்பது பெரும் பாடு. சிக்கரி கலந்த ஃபில்டர் காப்பித் தூளை இதில் போட வேண்டாம். சிக்கரி நீரைப் பற்றிப் பசையாகி வடிதட்டின் துளைகளை அடைக்கும்.

கடற்காற்றில் உப்பு இருப்பதால் வெளிப்புறத் திருகுகளும் சிந்தும் நீரை ஏந்தும் தட்டின் கீழ்ப்பக்கமும் முதலில் துருப்பிடிக்கும். கடற்பக்கச் சன்னலை ஒட்டி இயந்திரத்தை வைக்காமல், தினமும் வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போவதாக இருந்தால் தொட்டியையும் தட்டையும் கவிழ்த்து உலர்த்திவிட்டு, கைப்பிடியைத் தலையில் இறுக்கி மாட்டாமல் தனியே எடுத்து வைத்தால் ரப்பர் வளையம் நசுங்காமல் இருக்கும்.