காய்கறியும் புற்றுநோயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வாட்ஸ்அப்பில் வைத்தியக் குறிப்புகள் குவியத் தொடங்கிவிடும். பாகற்காய்ச் சாறு, மஞ்சள், ப்ராக்கோலி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அதை நம்பிச் செய்கிற சில காரியங்கள் நோயாளியின் உயிருக்கே உலை வைத்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, "ஒரு மாதம் இதைக் குடித்துப் பார்ப்போம், அப்புறம் ஆஸ்பத்திரி" என்று தள்ளிப்போடுவது. மார்பகம், நுரையீரல், குடல், புராஸ்டேட் புற்றுநோய் இன்னும் பரவாத நிலையில், வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்களை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தார்கள். முடிவு 2018-இல் வெளிவந்தது. சிகிச்சை எடுத்தவர்களைவிட இவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் ஐந்து மடங்குக்கு மேல்.

சரி, பாகற்காய்ச் சாறு புற்றுநோயைத் தடுக்கும் என்று வரும் செய்தி பொய்யா? இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக ஆய்வில் பாகற்காய்ச் சாறு மார்பகப் புற்றுநோய் செல்களின் வளர்ச்சியைத் தடுத்தது உண்மைதான். ஆனால் அது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல். அங்கே சாற்றை நேராகச் செல்லின் மேல் விடலாம். நாம் குடித்தால் வயிறு, குடல், கல்லீரல் எல்லாம் தாண்டி மிஞ்சுவதுதான் ரத்தத்தில் சேரும். தட்டில் பலித்தவற்றில் பெரும்பாலானவை மனிதர்களிடம் பலிப்பதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் பாகற்காய்ச் சாற்றையும் நிறையக் குடித்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழவும் கூடும்.

காயில் இருக்கும் பொருளை மாத்திரையாக விழுங்கினால் இன்னும் நல்லது என்ற நினைப்பும் தவறு. காரட், பூசணி, கீரை அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைக் கவனித்து, ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும், அந்தக் காய்களில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற பொருள் 20 மில்லிகிராம் மாத்திரையாக. 1994-இல் முடிவு வந்தபோது மருத்துவ உலகமே அதிர்ந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. அமெரிக்காவில் நடந்த இதே மாதிரியான சோதனையை 1996-இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. காரட் பொரியலுக்கு இந்தப் பழி இல்லை; தயங்காமல் சாப்பிடலாம்.

மஞ்சள் கதையும் இதுதான். மஞ்சளின் மருந்துக் குணத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் குர்குமின் என்ற பொருள், மஞ்சள்தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே இருக்கும். அதையும் குடல் சரியாக உறிஞ்சாது. மிளகில் உள்ள பிப்பரினைச் சேர்த்தால் உறிஞ்சுவது பல மடங்கு கூடும் என்று 1998-இல் பெங்களூரு ஆய்வு ஒன்று காட்டியது. அதைச் சொல்லியே இன்று மாத்திரை விற்கிறார்கள். இந்தப் பிப்பரின், கல்லீரல் மற்ற மருந்துகளைச் சிதைக்கும் வேலையையும் மந்தமாக்கும். கீமோ என்ற புற்றுநோய் மருந்துச் சிகிச்சை நடக்கும்போது அது விளையாட்டல்ல. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் வீங்கியவர்களும் இருக்கிறார்கள். ரசத்தில் போடும் மிளகு மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். டப்பாவில் வரும் எதையும் டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடுங்கள்.

ப்ராக்கோலியைக் குழைய வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடுவது சமையல் தவறு. ப்ராக்கோலியை ஆராய்கிறவர்கள் பேசுகிற சல்ஃபோரஃபேன் என்ற பொருள், காயை நறுக்கும்போதுதான் ஒரு நொதியின் (என்சைம்) உதவியால் உருவாகிறது. சூடு அந்த நொதியை அழித்துவிடும். நறுக்கி அரைமணி நேரத்துக்கு மேல் வைத்துவிட்டு, லேசாக ஆவியில் வேகவையுங்கள். கடுகிலும் அதே வகை நொதி உண்டு. கொஞ்சம் கடுகுப்பொடியை இறக்கிய பிறகு தூவலாம். நல்ல சாப்பாட்டுக்கான யோசனை இது, அவ்வளவுதான்.

கடைசியாக, நோயாளியை வெறும் சாறிலேயே வைத்திருக்காதீர்கள். கீமோவில் நாக்கு மரத்து, வாந்தி வந்து, எடை தானாகவே இறங்கும். அப்போது முட்டை, மீன், பருப்பு, தயிர் என்று புரதம் போக வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பச்சைக் காய்ச் சாறு கிருமியை உள்ளே கொண்டுபோகலாம். நன்றாகக் கழுவி, வேகவைத்தே கொடுங்கள்.