கோல்ஃப் ஸ்விங்: பந்து நேராகப் போக எதை முதலில் சரிசெய்வது?

பந்து வலப்பக்கம் வளைந்து ஓடியதும், புதிதாகப் பழகுபவர்கள் ஸ்விங்கைத்தான் (மட்டையை வீசும் விதத்தை) மாற்றிப் பார்ப்பார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் கிளப் (கோல்ஃப் மட்டை) அசைவதற்கு முன்பே, பிடியிலும் நிற்கும் திசையிலும் தொடங்கிவிடுகிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிப்போம். இப்போதைக்கு 7 அயர்ன் என்ற நடுத்தரத் தூரத்துக்கான உலோக கிளப் மட்டும் போதும், நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் என்ற கிளப் பையிலேயே இருக்கட்டும். வலதுகைக்காரர்களுக்காக எழுதுகிறேன்; இடதுகைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் பிடி

அடிபடும் கணத்தில் கிளப்பின் முகம் (பந்தில் படும் தட்டையான பகுதி) எந்தப் பக்கம் பார்க்கிறதோ, ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் பந்து கிளம்பும். அந்த முகத்தை ஆள்வது உங்கள் கைகள். இடது உள்ளங்கைக்குள் கிளப்பைப் புதைக்காமல், சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடுப்பகுதிவரை குறுக்காக, விரல்களில் படியும்படி வையுங்கள். பிடித்தபின் குனிந்து பார்த்தால் இடது கையின் இரண்டு விரல்முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுகூடத் தெரியாவிட்டால் முகம் திறந்துகொள்ளும் (வலப்பக்கம் திரும்பிவிடும்), பந்து வலப்பக்கம் ஓடும்.

அப்புறம் வலது கை. அதன் சுண்டுவிரலை இடது கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின்மேல் வையுங்கள். பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியை 6 முறை வென்ற ஹாரி வார்டன் பரவலாக்கிய பிடி இது. கை சிறியதாக இருந்தால் வலது சுண்டுவிரலையும் இடது ஆள்காட்டி விரலையும் கோத்துக்கொள்ளலாம், தவறில்லை. இறுக்கிப் பிடிக்காதீர்கள், முன்கை விறைத்தால் மணிக்கட்டு மடங்காது.

அடுத்து திசை

பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பாருங்கள். அந்தக் கோட்டிலேயே, பந்துக்கு இரண்டு மூன்று அடி முன்னால் ஓர் இலையையோ புல்லில் ஒரு திட்டையோ குறித்துக்கொள்ளுங்கள். முதலில் கிளப்பின் முகத்தை அந்தக் குறிக்கு நேராக வைத்து, அதன் பிறகே பாதங்களை வையுங்கள். இரண்டு பாதங்களின் நுனிகளையும் இணைக்கும் கோடு இலக்கைப் பார்க்கக் கூடாது. பந்து போகும் கோட்டுக்கு இணையாக, சற்று இடப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். தரையில் ஒரு கிளப்பைக் கிடத்திச் சரிபார்த்துக்கொள்ளலாம். பந்து கிளம்பும் திசை 5 டிகிரி தவறினாலே, 120 மீட்டர் தூரத்தில் 10 மீட்டருக்கு மேல் விலகிவிடும்.

இப்போது அரை ஸ்விங்

இடது கை தரைக்கு இணையாக வரும்வரை மட்டும் கிளப்பை உயர்த்தி அடியுங்கள். முழு ஸ்விங் இப்போது வேண்டாம். மெதுவாக மேலே, சீராகக் கீழே. அடித்து முடிந்ததும் எடை முழுவதும் இடது காலில் இருக்க வேண்டும். வலது குதிகால் தரையைவிட்டு எழும்பியிருக்கும். பந்து தரையைத் தொடும்வரை அந்த நிலையிலேயே நில்லுங்கள். தடுமாறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

பந்தா, தரையா?

அயர்னில் கிளப் முதலில் பந்தைத் தொட்டு, அதன் பிறகே தரையைத் தொட வேண்டும். புல்லில் அடித்தால், பெயர்ந்த மண் பந்து இருந்த இடத்துக்கு முன்னால் தெரியும். டிரைவிங் ரேஞ்சில் (பயிற்சி மைதானத்தில்) மேட் எனும் செயற்கைப் புல் விரிப்பின் மீது அடிக்கும்போதுதான் ஏமாந்துபோவோம். பந்துக்குப் பின்னால் தட்டினாலும் கிளப் அந்த விரிப்பில் வழுக்கிப்போய்ப் பந்தில் பட்டுவிடும், ஷாட் நன்றாகத்தான் தெரியும். அதனால் பந்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி, மடித்த துண்டு ஒன்றைப் போடுங்கள். துண்டில் படாமல் பந்தை அடிக்கப் பழகினால் போதும். தொடர்ந்து துண்டில்தான் படுகிறது என்றால், எடை வலது காலிலேயே தங்கிவிடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

பந்து வளைகிறதா?

இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால் அது ஸ்லைஸ். கிளப் வெளியிலிருந்து உள்நோக்கி, அதாவது பந்துக்கு அப்பாலிருந்து உங்கள் பக்கமாக வருகிறது, அந்தப் பாதையோடு ஒப்பிட்டால் முகம் திறந்திருக்கிறது. இதற்கு ஈடுகட்ட இன்னும் இடப்பக்கம் திரும்பி நிற்பார்கள் பலர். அப்படிச் செய்தால் பாதை மேலும் இடப்பக்கம் சாயும், வளைவு கூடத்தான் செய்யும். பிடியைத் திரும்பப் பாருங்கள், பாதங்களைத் திரும்பப் பாருங்கள்.

வேக வேகமாகப் பந்துக் கூடையைக் காலிசெய்யாதீர்கள். ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் போய் நின்று, குறி பார்த்து, முகத்தை வைத்து, பாதங்களை வைத்து அடியுங்கள். சில பந்துகளுக்கு ஒருமுறை இலக்கை மாற்றுங்கள். அரை ஸ்விங்கில் பெரும்பாலான பந்துகள் நேராகப் போகத் தொடங்கியபின் முழு ஸ்விங்குக்குப் போகலாம். அதுவும் சரியாக வந்தால் டிரைவரை எடுங்கள்: பந்து டீ (பந்தை உயர்த்தி வைக்கும் சிறு குச்சி) மீது, இடது குதிகாலுக்கு நேராக, கால்களுக்கு இடையே கொஞ்சம் கூடுதல் அகலம், பிடி அதேதான்.